மேட்டுக்காட்டுத் தண்ணி

அத்தியாயம் 11

"தண்ணி எடுக்காதீங்க! கொளத்துத் தண்ணிய யாரும் எடுக்காதீங்க!"

தெருமுனையில் அந்தக் குரல் கேட்டபோது கலியம்மாள் மாட்டுக் கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் வெளியே ஓடிவந்தாள்.

உத்திராபதி நின்றிருந்தான். காலனியில் ஆடு வளர்த்துப் பிழைக்கிறவன். முழங்கால் வரை சேறு. புளியமரத்தடியைத் தாண்டி ஓர் அடி உள்ளே வராமல் அங்கிருந்தே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஊர்த் தெருவுக்குள் காலனி ஆட்கள் காரணமில்லாமல் வரக்கூடாது. எது காரணம் என்பதையும் ஊர்தான் சொல்லும்.

"மீனெல்லாம் செத்து மெதக்குதுங்க! என் ஆடு ரெண்டும் வாய்க்காத் தண்ணியில வாய வெச்சுச்சுங்க, நொரை தள்ளி விழுந்துருச்சுங்க! கொடத்த எறக்கிருங்க ஆயி, வூட்டுக்குள்ள கொண்டு போயிராதீங்க!"

நல்லதண்ணிக் குளத்திலிருந்து நிறைகுடத்தோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி இடுப்புக் குடத்தைத் தெருவிலேயே கவிழ்த்தாள். இன்னொருத்தி வீட்டுக்கு ஓடினாள். அவள் வீட்டில் உலை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

குளத்துக்குள் என்ன வந்து சேர்ந்திருக்கிறது, எந்த வழியாக வந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் அவள் செட்டிகுளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மலைக்கோயிலில் மாமன் மகளுக்குக் கல்யாணம். திரும்பி வந்து பார்த்தால், பள்ளக்காட்டின் வரப்போரம் அவள் நட்டு வளர்த்த வெட்டிவேர்ப் புதரைக் காணோம். அதை ஒட்டி அவள் வெட்டி வைத்திருந்த நீளக் குழியும் தூர்ந்து கிடந்தது. அந்த இடத்தில் புதிதாக ஒரு மடை. நேரே வாய்க்காலுக்கு. அந்த வாய்க்கால் நேரே குளத்துக்கு.

டிராக்டர் விட்டு உழுதவர் அவள் புருஷனின் அண்ணன் அரங்கநாதன். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவள் புருஷன் சிங்காரவேலு.

பாகம் பிரிக்காத நிலம். மேட்டுக்காடு அண்ணன் கையில், பள்ளக்காடு தம்பி கையில். இரண்டிலும் கரும்பு. அண்ணன் கரும்பு வெட்டியதும் காய்ந்த தோகையை, அதாவது சோகையை, கொளுத்துவார். பாசனத் தண்ணீரில் யூரியாவைக் கரைத்துவிடுவார். குருத்துப் பூச்சி கண்டால் எண்டிரின் என்ற விஷ மருந்தை ஊற்றுவார். கலியம்மாள் வழி வேறு. சோகையை எரிக்காமல் கரும்பு வரிசைகளுக்கு நடுவே பாருக்குப் பாரு பரப்பிவிடுவாள். அதன் அடியில் ஈரம் காயாது, களை வராது. குருத்துப் பூச்சியும் குறைவு. யூரியாவை வேப்பம் புண்ணாக்கோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரில் வைத்து மண் மூடுவாள். மேட்டுக்காட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அந்தக் குழியில் தங்கி, வெட்டிவேரில் வடிந்து, வண்டலை விட்டுவிட்டுத்தான் வாய்க்காலுக்குப் போகும். அம்மா வீட்டில் பார்த்தது பாதி, திருச்சி ரேடியோவில் கேட்டது பாதி. ஊரில் அவளுக்குக் 'குப்பைக்காட்டுக்காரி' என்று பெயர்.

வெட்டிவேரை உழுத நாளிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான்.

முந்தாநாள், வானம் கறுத்துக் கிடக்கும்போதே, அரங்கநாதன் மேட்டுக்காடு முழுக்க எண்டிரின் ஊற்றச் சொன்னார். நேற்று இராத்திரி கோடைமழை கொட்டித் தீர்த்தது.

இப்போது விடிந்திருக்கிறது.

* * *

அரங்கநாதனின் புல்லட் குளத்துப் பக்கமிருந்து வந்து புளியமரத்தடியில் நின்றது. அவர் குளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வேர்த்திருந்தது. 

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ கேட்டார்கள்: "எவன் செஞ்ச வேலைங்க இது?"

அந்தக் கேள்வி அவருக்குக் கை கொடுத்தது.

"எவன் செஞ்சிருப்பான்? மீனுக்கு ஆசைப்பட்டு மருந்தக் கலக்குற பயலுவ எவனோ அவன்தான்." வண்டியை விட்டு இறங்கினார். "டேய், மீன் செத்தது ஒனக்கு எப்படிடா மொதல்ல தெரிஞ்சுச்சு?"

உத்திராபதிக்குக் கேள்வியே புரியவில்லை. "ஆடு ஓட்டிக்கிட்டுப் போனேங்கய்யா. பாத்தேன். ஓடியாந்து சொன்னேன்..."

பளாரென்று ஓர் அறை. உத்திராபதி மரத்தின் வேரில் இடறிக் கீழே விழுந்தான்.

"ஓடியாந்து சொன்னானாம்! ராத்திரி மருந்தக் கலக்கிட்டு, வெடிஞ்சதும் நல்லவன் வேசம்."

கூட்டத்தில் ஒருவர்கூட 'ஏன் அடிக்கிறே' என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவளும் கேட்கவில்லை. கலியம்மாளுக்குத் தன் மீதே ஆத்திரம் வந்தது. அதற்குள் நாலு பேர் உத்திராபதியைப் பிடித்துப் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தில் கயிற்றால் கட்டிவிட்டார்கள். நாட்டாமை நல்லுசாமி கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் விசாரணை, பிறகு ஸ்டேஷன் என்று முடிவாயிற்று.

கலியம்மாள் வீட்டுக்குத் திரும்பவில்லை. காட்டுப் பக்கம் நடந்தாள்.

* * *

சிங்காரவேலு அவளுக்கு முன்னால் அங்கே வந்திருந்தார். புது மடையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

மடையில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பால் கலந்த மாதிரி வெளுப்பு. ஓரமெல்லாம் நுரை. மூக்கை அடைக்கும் அந்த நாற்றம், மருந்து டின்னைத் திறந்தால் வருமே, அதே நாற்றம். தவளைகள் வயிறு மேலாகக் கிடந்தன. மண்புழுக்கள் மண்ணைவிட்டு வெளியே வந்து வெளிறிப்போய்ச் செத்துக்கிடந்தன.

"பாத்துக்கிட்டே இருங்க," என்றாள் கலியம்மாள். "அதுதான் ஒங்களுக்கு நல்லா வரும்."

இத்தனை நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு. அவர் நிமிரவில்லை.

"இப்புடி ஆவும்னு நெனைக்கல கலியம்மா."

"நான் நெனைச்சேன். நெனைச்சுத்தானே கல்யாணமாயி வந்த புதுசுலேருந்து வெட்டிவேர் நடணும், குழி வெட்டணும்னு மல்லுக்கட்டுனேன்? எதுக்கு அந்தப் புதரு, ரெண்டு பாரு கரும்பு வெக்கலாமேன்னு ஒங்கண்ணன் கேக்குறப்பல்லாம் நீங்க என்னா சொன்னீங்க? ஒண்ணும் சொல்லல. உழுறப்பவாவது ஒரு வார்த்த? 'அவ வரட்டும்ணே'ன்னு ஒரு வார்த்த?"

"அண்ணன்கிட்ட எப்படி..."

"அப்பா இல்லாத பிள்ளைய வளத்தாரு. படிக்க வெச்சாரு. கல்யாணம் பண்ணி வெச்சாரு. எல்லாம் தெரியும். அதுக்கு ஒரு ஊரே வெசம் குடிக்கணுமா?"

சிங்காரவேலு ஒரு மண்கட்டியை மடைக்குள் உருட்டிவிட்டார்.

"அங்க உத்திராபதிய மரத்துல கட்டி வெச்சிருக்காங்க. தெரியுமா?"

அவர் சட்டென்று நிமிர்ந்தார். தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒங்கண்ணன் அடிச்சாரு. மருந்தக் கலக்குனது உத்திராபதிதானாம். வந்து வாயத் தொறந்து சொல்லுங்க. இல்ல, நான் சொல்றேன்."

"நீ சொன்னா வூடு ரெண்டாயிரும் கலியம்மா."

"ஆவட்டும்."

அவள் திரும்பி நடந்தாள். பத்தடி போய் நின்று பார்த்தாள். அவர் எழுந்து வரவில்லை.

* * *

அரங்கநாதனின் பெரிய வீட்டில் அவளுடைய ஓரகத்தி ஆண்டாயி பின்கட்டில் இருந்தாள். சாம்பல் போட்டுத் தகர டின்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டின்னின் பக்கத்தில் மண்டை ஓடு படம் பாதி தேய்ந்திருந்தது.

"அக்கா! அது மருந்து டின்னு!"

"தெரியுது. ஒங்க மாமா கழுவி வெக்கச் சொன்னாரு. மண்ணெண்ணெய் வாங்க ஆவுமாம்."

"மண்ணெண்ணெய்க்கா? மேல இருக்குற பேரு தெரியக் கூடாதுன்னா?"

ஆண்டாயி தேய்ப்பதை நிறுத்தினாள். அவள் கண் சிவந்திருந்தது. அவளுக்கும் தெரியும். இந்த வீட்டில் தெரியாதவர்கள் யாருமில்லை.

"கலியம்மா, நீ எதுவும் பேசாத. ஒன் கால்ல வேணும்னாலும் விழுறேன். வெளியில தெரிஞ்சா இந்தக் குடும்ப மானம் என்னாவும்? பெரிய பொண்ணுக்கு வர்ற ஆவணியில பரிசம் போடுறோம். அவனுக்கு என்னா, ரெண்டு நாள் ஸ்டேஷன்ல இருப்பான், ஒங்க மாமாவே ஜாமீன்ல எடுத்து வுட்டுருவாரு."

"அவனுக்கு என்னாவா? அவனுக்கும் பொஞ்சாதி இருக்கா அக்கா. அவ மானம் மானம் இல்லையா?"

"நீ பேசுறது நாயம்தான். நாயத்த வெச்சுக்கிட்டு நாம குடும்பம் நடத்த முடியுமா?"

கலியம்மாள் குனிந்து, கழுவாமல் மிச்சமிருந்த டின் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஆண்டாயி தடுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"சோப்புப் போட்டுக் கைய கழுவுங்க அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினாள் கலியம்மாள்.

* * *

வெயில் உச்சிக்கு ஏறியபோது நாட்டாமை வந்துவிட்டார். நெற்றியில் கல்லங்குறிச்சி நாமம் கலையவில்லை. கோயில் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். உத்திராபதி மரத்தில் கட்டியபடியே நின்றான். உதடு வீங்கியிருந்தது. கொஞ்ச தூரத்தில், ஊர் எல்லைக்கு அப்பால், அவன் மனைவி பொன்னாயி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"காலங்காத்தால கொளத்துப் பக்கம் ஒனக்கு என்னா சோலி?" என்றார் நாட்டாமை.

"ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போனேங்க."

"தண்ணியில மருந்துதான் கலந்துருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வாய வெச்ச ஆடு துடிச்சு வுழுந்துச்சுங்களே. வேற எப்படிங்க தெரியணும்?"

"ஆட்டக் காட்டித் தப்பிக்கப் பாக்குறான்," என்றார் அரங்கநாதன். "ஸ்டேஷனுக்கு ஆள அனுப்புங்க. அடிக்கிற அடியில உண்மை வரும்."

"உண்மை இங்கயே இருக்கு மாமா."

எல்லோரும் திரும்பினார்கள். கலியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டின்னை நாட்டாமை முன்னால் வைத்தாள்.

"பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தண்ணி சொமக்குறது யாரு? நீங்களா?" அவள் குரல் வந்த திசையில் திரும்பினாள். "காலைலயும் சாயங்காலமும் இடுப்புல கொடத்தோட ஏறி எறங்குறது நாங்க. கொளத்தப் பத்திப் பேச எங்களுக்கு வேலை இல்லைன்னா வேற யாருக்கு இருக்கு?"

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. நாட்டாமை கையை உயர்த்தினார். "சொல்லு தாயி."

"இந்த மனுசன் என்னிக்காவது அந்தக் கொளத்துப் படியில கால் வெச்சதுண்டா? நீங்க வெக்க வுட்டீங்களா? நாம ஊத்துனாதான் அவங்களுக்குத் தண்ணின்னு எத்தினி வருசம் வெச்சிருந்தோம்? தான் குடிக்காத தண்ணிக்காக அவரு தொண்டை கிழியக் கத்துனாரு. குடிக்கிற நாம அவரக் கட்டி வெச்சிருக்கோம். சொல்றதுக்கே எனக்கு ஒடம்பு கூசுது. ஒங்களுக்கு யாருக்கும் கூசலையா?"

"கலியம்மா!" அரங்கநாதனின் குரல் உயர்ந்தது. "வூட்டுக்குப் போ."

"போறேன் மாமா. அதுக்கு முன்னால எல்லாரும் நம்ம காட்டுக்கு ஒரு தடவ வரட்டும். கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு இவருதான் குத்தவாளின்னா நானே ஸ்டேஷனுக்கு வந்து சாட்சி சொல்றேன்."

நாட்டாமை அரங்கநாதனைப் பார்த்தார். அரங்கநாதன் தரையைப் பார்த்தார்.

"போய்ப் பாத்துருவோம்," என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் நல்லுசாமி. "அந்தக் கட்ட அவுத்து வுடுங்கப்பா."

* * *

மடையருகில் சிங்காரவேலு இன்னும் இருந்தார். கூட்டம் வருவதைக் கண்டு எழுந்து ஒதுங்கி நின்றார்.

யாரும் விளக்கம் கேட்கவில்லை. மேட்டுக்காட்டிலிருந்து வெள்ளை வெளேரென்று இறங்கி வரும் கோடு, உழுத வரப்பு, புது மடை, வாய்க்கால், அதன் முனையில் வெயிலில் மின்னும் குளம். ஒரு சின்னப் பிள்ளைக்கும் புரியும். பரப்பிய சோகைக்கு ஊடே கசிந்து வரும் பள்ளக்காட்டுத் தண்ணீர் ஒரு பக்கம் தெளிவாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு அரங்கநாதன் பேசினார். இப்போது அவர் குரலில் பயம் இல்லை.

"ஆமா, எங்காட்டுத் தண்ணிதான். இங்க எவன் மருந்து அடிக்கல? நீ அடிக்கலையா? நீ? யூரியாவ அள்ளி வீசாதவன் யாரு? சோகையக் கொளுத்தாதவன் யாரு? ஒங்க மடையெல்லாம் எங்க போவுது, காசிக்கா போவுது? இன்னிக்கு எங்காட்டு மேல மழை பேஞ்சுச்சு. நாளைக்கு ஒங்காட்டு மேல பெய்யும். இந்தக் கரும்பு வந்துதான்யா நம்ம ஓட்டு வூடெல்லாம் காரை வூடாச்சு. மறந்துட்டீங்களா?"

சொன்னது பொய்யில்லை. அதுதான் கொடுமை. கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

நாட்டாமை தொண்டையைச் செருமினார். "மழைக்கு யாரு பொறுப்பு? தெய்வச் செயல். உத்திராபதி மேல குத்தம் இல்லைன்னு வெச்சுக்குவோம். ஆனாலும் ஆட்ட வாய்க்காப் பக்கம் வுட்டதும் தப்புதான். இதோட முடிச்சுக்குவோம்."

"ஆமாமா, முடிச்சுக்குவோம்," என்று நாலைந்து குரல்கள். முடித்துக்கொள்ள அவ்வளவு ஆவல்.

கலியம்மாள் நாட்டாமையின் முன்னால் போய் நின்றாள்.

"எதை முடிக்கிறீங்க? அடி வாங்குனவருகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ஆடு செத்ததுக்கு ஆட்டுக்காரன் மேல தப்பு. மீன் செத்ததுக்குத் தெய்வத்து மேல தப்பு. மருந்த ஊத்துன கைக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. வைகாசி மழை ஒண்ணோட நிக்குமா? அடுத்த மழைக்கு யாரக் கட்டப் போறீங்க? மரம் தயாரா இருக்கு, ஆளும் பாத்து வெச்சிருக்கீங்க!"

"இப்ப என்னதான் செய்யணுங்கிற?" என்றார் நாட்டாமை எரிச்சலோடு.

"மருந்த வானம் கறுத்திருக்கையில ஊத்தாதீங்க. சோகையக் கொளுத்தாம பரப்புங்க, பாதி பூச்சி அதுலயே அடங்கும். அவனவன் காட்டுத் தண்ணிய அவனவன் காட்டுலயே குழி வெட்டி நிறுத்துங்க. வாய்க்கா ஓரம் ஒருத்தனும் உழாதீங்க. என் காட்டுல இது அத்தனையும் செஞ்சிருக்கேன். என் கரும்பு என்ன, செத்தா போச்சு?"

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்து மடையின் வாயில் முதல் மண்ணை வெட்டிப் போட்டாள்.

"அடைக்காத!" அரங்கநாதன் பாய்ந்து வந்தார். "மேல தண்ணி தேங்குனா பயிர் அழுவிப் போவும்!"

"அழுவட்டும் மாமா."

"டேய் சிங்காரம்! ஒம் பொண்டாட்டி கையிலேருந்து அத வாங்குடா!"

சிங்காரவேலு வந்தார். மெல்ல நடந்து வந்து மனைவியின் முன்னால் நின்றார். கையை நீட்டினார். கலியம்மாள் அவரை முறைத்துப் பார்த்தாள். பிடியை விடவில்லை. அவர் மண்வெட்டியை அவள் கையிலிருந்து கொஞ்சம் பலமாகவே பிடுங்கினார்.

பிடுங்கி, திரும்பி, கரையின் மண்ணை ஓங்கி வெட்டினார். மடையில் போட்டார். இன்னொரு வெட்டு. இன்னொன்று. வெள்ளைத் தண்ணீர் தடுமாறி, சுழன்று, பின்னால் ஏறத் தொடங்கியது.

"சிங்காரம்..." அரங்கநாதனின் குரல் கம்மிப்போயிருந்தது. "நான் வளத்த புள்ளடா நீ."

"ஆமாண்ணே." சிங்காரவேலு வெட்டுவதை நிறுத்தவில்லை. கண்ணீரா வியர்வையா என்று தெரியாமல் முகம் நனைந்திருந்தது. "அதனாலதான் இத்தினி நாளு சும்மா நின்னேன்."

அரங்கநாதன் சிறிது நேரம் தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மேட்டுக்காட்டுக் கெணறு நான் வெட்டுனது. இன்னையிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி பள்ளக்காட்டுக்குக் கெடையாது. பாகம் பிரிச்சுக்கலாம். நாளைக்கே ஆளக் கூப்புடு."

புல்லட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது. ஒன்றிரண்டு பேர் ஊர்ப்பக்கம் போகாமல் தங்கள் காட்டுப் பக்கம் நடந்தார்கள். வெட்கத்தில் ஒதுங்கினார்களா, தங்கள் மடையைப் பார்க்கப் போனார்களா, யாருக்குத் தெரியும்?

சிங்காரவேலு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "கெணத்துத் தண்ணி இல்லாம என்னா பண்ணப் போறோம் கலியம்மா?"

அவள் குனிந்து ஒரு பிடி சோகையை விலக்கினாள். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"கொஞ்ச நாளைக்குத் தாங்கும்," என்றாள். "அப்புறம் பாப்போம்."

* * *

பயிர் தாங்கும். மனுஷர்கள்?

பொழுது சாயச் சாய ஊருக்குள் குழந்தைகள் தண்ணீருக்கு அழத் தொடங்கின. குளத்தில் கை வைக்க முடியாது. காட்டுக் கிணறுகளில் உப்புத் தண்ணீர், பயிருக்குத்தான் ஆகும், குடிக்க ஆகாது. ஆண்கள் சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் போனார்கள். அங்கே கிணறு பாதாளத்தில் இருந்தது, தங்களுக்கே போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

நல்ல தண்ணீர் இன்னும் ஓர் இடத்தில் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போன வருஷம் சர்க்கார் காலனிக்குப் போட்டுக்கொடுத்த அடிபம்பு.

கலியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனாள்.

பம்படியில் பொன்னாயி நின்றிருந்தாள். வீட்டு வாசலில், கட்டிலில், உத்திராபதி ஒரு கண் மூடிப்போய்ப் படுத்திருந்தான். பக்கத்தில் இரண்டு ஆடுகளைப் புதைத்த மண் இன்னும் உலரவில்லை.

"ஒரு கொடம் தண்ணி வேணும் பொன்னாயி," என்றாள் கலியம்மாள்.

பொன்னாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க பேசுனத கேட்டேம்மா. அதுக்காக ஒங்களுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டேன். புடிச்சுக்கங்க. நான் அடிச்சுத் தர மாட்டேன். நீங்களே அடிச்சுப் புடிங்க."

"நான் அடிச்சுக்குறேன்."

"இன்னும் ஒண்ணு." பொன்னாயி பம்பின் கைப்பிடியில் கையை வைத்தாள். "நாளைக்கு ஊரே இங்க வரும். எனக்குத் தெரியும். யாரையும் வெரட்ட மாட்டோம். ஆனா எம் புருசன அடிச்ச வூட்டுக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அடிச்சவரு வரட்டும். இந்த எடத்துல, பகல்ல, நாலு பேரு பாக்க, 'தெரியாம அடிச்சுட்டேன்'னு ஒரு வார்த்த எம் புருசன்கிட்ட சொல்லட்டும். அப்புறம் அண்டா அண்டாவா எடுத்துக்கட்டும்."

கலியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பொன்னாயியின் பார்வை அவளைத் தாண்டி எங்கோ போயிருந்தது. திரும்பிப் பார்த்தாள்.

காலனியின் எல்லையில், தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில், ஆண்டாயி நின்றிருந்தாள். இடுப்பில் வெறுங்குடம். பிறந்ததிலிருந்து தாண்டாத கோடு அது. ஒரு காலை முன்னால் வைத்தாள், எடுத்தாள். அவள் உதடுகள் வெடித்துக் கிடந்தன. கடைசி வார்த்தை வரை அவள் காதில் விழுந்திருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, வாங்க," என்றாள் கலியம்மாள்.

அதே சமயம் ஊர்ப்பக்கமிருந்து புல்லட் சத்தம் கேட்டது. நெருங்கி நெருங்கி வந்து ஆண்டாயிக்குப் பின்னால் நின்றது. அரங்கநாதன் வண்டியை அணைத்தார். ஆனால் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மனைவியையும் குடத்தையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

கட்டில் முனகியது. உத்திராபதி எழுந்தான். சுவரைப் பிடித்து, தடுமாறி நடந்து வந்து, பம்பின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராக நின்றான். அன்று முதல்முறையாக அரங்கநாதனின் கண்ணைப் பார்த்தான்.

"சொல்லுங்கய்யா," என்றான்.